எஸ்.ஆரில் ஏறாத உழைப்பு

குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும்வரை வழிகாட்ட ஆயிரம் பேர். தேர்வாகி தாலுகா அலுவலகத்தில் இளநிலை உதவியாளராக உட்கார்ந்தபின் சொல்லித்தர ஆள் கிடைப்பது அபூர்வம். பக்கத்து சீட்காரருக்கு அவருடைய கோப்புகளே கழுத்துவரை இருக்கும்.

பணியில் சேர நல்ல நாள் பார்ப்பவர்கள் நேரத்தையும் பார்த்துக்கொள்ளலாம். பிற்பகலில் பணியேற்றால் சம்பளம் மறுநாளிலிருந்துதான். ஆனால் முந்திச் சேர்ந்தால் பணிமூப்பு கிடைக்கும் என்று அடித்துப்பிடித்து ஓட வேண்டியதில்லை. அது தேர்வாணையத் தரவரிசைப்படி வருவது.

பணிவரன்முறையும் (நியமனத்தை முறைப்படுத்தும் ஆணை) தகுதிகாண் பருவ நிறைவும் தானாக நடக்கும் என்று இருந்துவிடுவதுதான் புதியவர்களின் முதல் தவறு. தகுதிகாண் பருவம் முடிய, தொடர்ச்சியான 3 ஆண்டுகளுக்குள் 2 ஆண்டுகள் பணியாற்றியிருக்க வேண்டும். பவானிசாகர் அரசுப் பணியாளர் பயிற்சி நிலையத்தின் அடிப்படைப் பயிற்சியை முடித்திருக்க வேண்டும். இவற்றில் பெரிய சிக்கல் வருவதில்லை. சிக்குவது சான்றிதழ்களின் உண்மைத்தன்மையில். பள்ளிச் சான்றுக்குத் தேர்வுத்துறை, பட்டத்துக்குப் பல்கலைக்கழகம் என்று தனித்தனியாகக் கடிதம் போய், தனித்தனியாகப் பதில் வர வேண்டும். ஒரு பதில் வராவிட்டாலும் கோப்பு அப்படியே படுத்துவிடும். கடிதம் எந்த எண்ணில், எந்தத் தேதியில் போனது என்பதை, ஊழியர் விவரங்களைக் கவனிக்கும் பணியமைப்புப் பிரிவில் கேட்டுக் குறித்துவைத்து, மாதம் ஒரு நினைவூட்டு போகச் செய்ய வேண்டும். கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று தயங்குபவர்கள் ஐந்தாறு ஆண்டு கழித்தும் தற்காலிகப் பணியாளராகவே இருப்பார்கள்.

துறைத்தேர்வுகள் ஆண்டுக்கு இரண்டு முறை, மே மாதமும் டிசம்பரும் வரும். பதவி உயர்வுக்கு அலுவலக நடைமுறை நூல் தேர்வும் சார்நிலை அலுவலர்களுக்கான கணக்குத் தேர்வும் தேவை. வருவாய்த்துறையில் இருப்பவர்களுக்கு வருவாய்த் தேர்வுகளும் உண்டு. புத்தகம் பார்த்து எழுதும் தாள் என்றதும் படிக்காமல் போய்த் தோற்பவர்கள் ஏராளம். விதி இருக்கும் பக்கத்தைத் தேடுவதிலேயே நேரம் கரைந்துவிடும். அடிப்படை விதிகள், நிதித் தொகுப்பு, கருவூலத் தொகுப்பு ஆகியவற்றைப் பத்துமுறை புரட்டிப் பழகினால்தான் கை தானாக அந்த இடத்துக்குப் போகும். தேர்ச்சி பெற்றாலும் வேலை முடியவில்லை. முடிவு வந்த தேர்வாணைய வெளியீட்டின் எண்ணும் நாளும் பணிப்பதிவேட்டில், அதாவது எஸ்.ஆரில், ஏறினால்தான் அது தேர்ச்சி. பதவி உயர்வுப் பட்டியல் தயாரிப்பவர் எஸ்.ஆரைத்தான் பார்ப்பார், உங்கள் முகத்தைப் பார்க்கமாட்டார்.

இனி சீட், அதாவது உங்கள் பொறுப்பில் வரும் கோப்பு வேலை. தபால் வந்ததும் சீட்டுக்கு உரிய தன்பதிவேட்டில் பதிந்து ந.க. எண் என்ற கோப்பு எண் போட வேண்டும். ‘அப்புறம் பதியலாம்’ என்று இழுப்பறைக்குள் போகும் தபால்தான் பின்னால் ஆளைக் கவிழ்க்கும். கோப்பில் இரண்டு பாகம்: வந்த தாள்கள் நடப்புக் கோப்பில், அலுவலகம் எழுதுவது குறிப்புக் கோப்பில். ஒரு பட்டா மேல்முறையீட்டுக்குக் குறிப்பு எழுதுவதாக வைத்துக்கொள்வோம். முதல் பத்தியில் மனுதாரர் கேட்பது என்ன. இரண்டாவதில் கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் சொன்னது என்ன, அது நடப்புக் கோப்பில் எந்தப் பக்கம். மூன்றாவதில் பொருந்தும் விதி அல்லது அரசாணை. கடைசியில் அலுவலர் எடுக்கக்கூடிய முடிவுகள். பக்க எண் தராத குறிப்பு திரும்பி வரும். ‘ஆணைக்காகப் பணிந்து வைக்கப்படுகிறது’ என்று மட்டும் எழுதி அனுப்புவது நம் அலுவலகங்களின் பழைய வியாதி. இ-ஆபீஸ் என்ற கணினிக் கோப்பு முறை வந்தபின் அந்த ஒற்றை வரி தட்டச்சில் வருகிறது, அவ்வளவே வித்தியாசம்.

தகவல் உரிமை மனுவை மற்றத் தபாலோடு கலக்கக்கூடாது. வேறு அலுவலகத்துக்கு உரியது என்றால் 5 நாளுக்குள் மாற்றி அனுப்ப வேண்டும். பதிலுக்கு 30 நாள். தவறினால் பொதுத் தகவல் அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கத் தகவல் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அபராதம் அவருக்கு என்றாலும் விளக்கம் கேட்கும் குறிப்பாணை சீட்காரருக்கு வந்து சேரும்.

மாறுதல் வந்த நாளில் பிரிவுபசார மாலையை விடப் பெரிய வேலை பொறுப்பு ஒப்படைப்பு. நிலுவைக் கோப்புகளின் எண், பொருள், கடைசியாக என்ன நடவடிக்கை, கோப்பு இப்போது யாரிடம் என்று எழுதி, பெறுபவரிடம் கையொப்பம் வாங்கி, ஒரு நகலை வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். ‘எல்லாம் பீரோவில் இருக்கிறது சார்’ என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனவருக்கு, ஒரு கோப்பு காணாமல் போனால் ஆறு வருடம் கழித்தும் ஒழுங்கு நடவடிக்கை விதி 17(பி)-யின்கீழ் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வரலாம். அது முடியும்வரை பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் ஏறாது. கடைசியில் விடுவிக்கப்பட்டாலும் பணியில் இளையவர்கள் அதற்குள் உதவியாளராகி, துணை வட்டாட்சியர் வரிசையில் நிற்பார்கள்.

ஆண்டுக்கு ஒருமுறையாவது எஸ்.ஆரைக் கேட்டு வாங்கிப் புரட்டுங்கள். பணிச் சரிபார்ப்புப் பதிவு ஆண்டுவாரியாக விடுபடாமல் இருக்கிறதா, ஈட்டிய விடுப்புக் கணக்கு ஜனவரி 1, ஜூலை 1 தேதிகளில் ஏறியிருக்கிறதா, ஒவ்வொரு பதிவுக்கும் அலுவலரின் ஒப்பம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறந்த தேதி தவறாக இருந்தால் சேர்ந்த 5 ஆண்டுக்குள் விண்ணப்பித்தாக வேண்டும். கணினியில் ஏற்றியாயிற்று என்று விட்டுவிடவும் கூடாது. காகிதத்தில் இருந்த பிழைதான் கணினிக்கும் போயிருக்கும். பென்சிலில் எழுதிய பதிவு கண்ணில் பட்டால் அன்றே மையில் எழுதச் சொல்லி ஒப்பம் வாங்கிவிடுங்கள். எழுதிய அலுவலருக்கும் மாறுதல் வரும்.