ஐயன் வாங்கிக்கொண்ட மணி

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு என் மகள் பதினேழு நாள் காய்ச்சலில் கிடந்தாள். ஊரிலிருந்து பேசிய அம்மா, டாக்டர் என்ன சொன்னார் என்றுகூடக் கேட்கவில்லை. "சொரிமுத்து ஐயனாருக்கு மணி கட்டுவதாக நேர்ந்துகொண்டாயா?" என்றுதான் கேட்டாள். ஈர முந்தானையில் ஒரு ரூபாயை முடிந்து வைத்தேன். மறுநாள் விடியலில் காய்ச்சல் இறங்கியது. அதைத் தற்செயல் என்று சொல்ல என் நாக்கு வராது.

ஆனாலும் இரண்டு ஆடியைத் தவறவிட்டேன். லீவு இல்லை, ரயில் டிக்கெட் கிடைக்கவில்லை என்று ஏதேதோ காரணம். "ஐயன் பொறுப்பார், ஆனால் மறக்கமாட்டார்" என்று அம்மா சொன்ன பிறகு மனம் கேட்கவில்லை. இந்த ஆடி அமாவாசைக்கு முழங்கால் வலியோடு இருக்கும் அம்மாவையும் மகளையும் கூட்டிக்கொண்டு பாபநாசம் மலைக்காட்டில் ஐயன் கோயில் இருக்கும் காரையாற்றுக்குக் கிளம்பிவிட்டேன்.

தனி வண்டிகளை மலைக்கு மேலே விடவில்லை. பஸ்ஸில் ஏறுவதற்குள் உயிர் போய்த் திரும்பியது. ஜன்னல் வழியாகப் பையை எறிந்து இடம் பிடிக்கிறவர்களுக்கு நடுவில் எழுபத்தாறு வயதுக்காரி என்ன செய்வாள்? யாரோ ஒரு அண்ணாச்சி எழுந்து, "ஆச்சி, இங்கே உட்காருங்கள்" என்று இடம் கொடுத்தார். அவர் குடும்பம் நன்றாக இருக்கட்டும்.

பாபநாசம் சோதனைச் சாவடியில் பைகளைத் திறந்து பிளாஸ்டிக் எதையும் விடாமல் எடுத்துவிட்டார்கள். பூ வைத்திருந்த உறையும் போனது. பூவை மடியில் கொட்டிக்கொண்டேன். அம்மாவுக்குக் கோபம். அவள் காலத்தில் மாட்டு வண்டி கட்டி, சட்டி பானையோடு வந்து, ஆற்றங்கரையில் குடில் போட்டுப் பல நாள் தங்குவார்களாம். எனக்கு என்னவோ இந்தக் கட்டுப்பாடு சரியென்றே பட்டது. களக்காடு, முண்டந்துறைக் காடுகளைச் சேர்த்து 1988-இல் புலிகள் காப்பகமாக்கினார்கள். தமிழ்நாட்டில் அதுதான் முதலாவது. புலிக்காகக் காத்த காட்டில்தான் நம் ஐயனின் மரங்களும் பிழைத்து நிற்கின்றன.

ஆற்றில் கால் வைத்தபோது எனக்கே கோபம் வந்தது. கரையோரத்து நீர்மருத மரங்களின் வேரெல்லாம் நனைந்த வேட்டியும் சேலையும். உடுத்த துணியைத் தாமிரபரணியில் விட்டால் பாவம் கழியும் என்று யார் சொன்னது? எத்தனையோ தலைமுறைக்கு நிழல் கொடுத்த மரத்தின் காலில் போய் அழுக்கைச் சுற்றுவதா? என் கைக்கு எட்டிய நான்கைந்தை இழுத்துக் கரையில் போட்டுவிட்டுத்தான் முழுகினேன்.

வரிசை நகரவே இல்லை. ஒருவன் வந்து, ஐந்நூறு ரூபாய் கொடுத்தால் நேராகச் சன்னதி முன்னால் நிறுத்துவதாகச் சொன்னான். "என் ஐயனை நான் பார்க்க உனக்கு எதற்குக் கூலி?" என்றாள் அம்மா. மூன்று மணி நேரம் நின்றோம். கற்பூர ஒளியில் ஐயனின் முகம் தெரிந்தது ஒரு கணம்தான். கேட்க நினைத்தது ஒன்றும் ஞாபகம் வரவில்லை. அழுகை மட்டும் வந்தது.

வெளியே வந்ததும் அம்மா கையை விடுவித்துக்கொண்டு இலுப்பை மரத்தை நோக்கி நடந்தாள். மணிவிழுங்கி மரம். கட்டிய மணிகளைப் பட்டை வளர்ந்து மூடிக்கொள்கிறது. சில மணிகளின் விளிம்பு மட்டும் தெரிகிறது. சில இடங்களில் சங்கிலி மரத்துக்குள்ளிருந்து வருகிறது, மணி எங்கே என்று தெரியவில்லை. கல்யாணமாகி ஆறு வருடம் கழித்து நான் பிறந்ததற்காக, 1978-இல் அப்பாவும் அம்மாவும் இங்கே ஒரு வெண்கல மணி கட்டினார்கள். அம்மா அதைத் தேடினாள். அன்று தன் தோள் உயரத்தில் கட்டியதாகச் சொல்லிக்கொண்டே பட்டையைத் தடவினாள். அடிமரம் பருக்குமே தவிர, கட்டிய மணி மேலே ஏறாது. அம்மாதான் குறுகிப்போயிருந்தாள். அவள் கையைப் பிடித்து நான் ஒரு சாண் மேலே தூக்கி வைத்தேன். அங்கே பட்டை புடைத்து, ஒரு முடிச்சுப் போல் இருந்தது.

"இதுதான்" என்றாள்.

இதுதானா என்று நான் கேட்கவில்லை. அப்பா இறந்து ஒன்பது வருடமாகிறது. அவர் கைபட்ட மணி உள்ளே இருக்கிறது. அம்மா அந்த முடிச்சில் நெற்றியை வைத்து நின்றாள். கூட்டம் இடித்துக்கொண்டு போனது. மேளமும் குலவையும் சாமியாடுகிறவர்களின் சத்தமும் எங்கோ தூரத்தில் கேட்பது போல் இருந்தது. "கொடுத்ததை வாங்கிக்கொண்டார்" என்று மட்டும் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எங்கள் மணியை நான் கட்டுவதாக இருந்தது. விரல் நடுங்கியதால் மகளே கட்டினாள். யாருக்காக நேர்ந்ததோ அவளே கட்டியது இன்னும் பொருத்தம். கட்டி முடித்து ஒரு முறை அடித்தாள். ஐயனே, அந்த ஒலிக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்!

பிறகு, அதே கோயிலில் காவல் தெய்வமாக இருக்கும் பட்டவராயர் சன்னதி. அங்கே நேர்ந்துகொண்டவர்கள் கட்டியிருந்த செருப்புகளைக் காட்டி, "ராத்திரியில் இதைப் போட்டுக்கொண்டுதான் காட்டைச் சுற்றி வருவார், அடி தேய்ந்திருக்கிறது பார்" என்று பேத்தியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள் அம்மா. தீ மிதிக்கும் பூக்குழியைப் பார்க்க ஆசைதான், அவள் கால் இடம் கொடுக்கவில்லை. அங்கேயே இருக்கும் இன்னொரு காவல் தெய்வம் சங்கிலி பூதத்தாரை அவசரமாகக் கும்பிட்டது இன்னும் உறுத்துகிறது. அடுத்த ஆடியில் அவர் முன்னால் நிதானமாக நிற்க வேண்டும்.

இறங்கும் பஸ்ஸில் மகள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். மூன்று வருடப் பழக்கத்தில் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். குளிர்ந்திருந்தது.