சைலன்சரைத் திறந்தால் கார்புரேட்டரையும் தொட்டாக வேண்டும்

சைலன்சரில் ஓட்டை போட்டுவிட்டால் செயின்சா பிய்த்துக்கொண்டு அறுக்கும் என்று ஒரு பேச்சு எங்கள் பக்கம் கரிமூட்டம் போடுகிறவர்கள் நடுவே ஓடிக்கொண்டிருக்கிறது. பேச்சில் பொய் இல்லை. ஓட்டை போட்ட கையோடு கார்புரேட்டரையும் திருத்த வேண்டும் என்பதை மட்டும் யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. விளைவு என்னவென்றால், சீமைக்கருவேல் வெட்டுகிற சீசன் தொடங்கினாலே இஞ்சின் பிடித்துக்கொண்ட மெஷின்கள் வரிசையாக வருகின்றன.

அப்படி வந்த ஒன்றின் சைலன்சரைக் கழற்றி, எக்ஸாஸ்ட் வாசல் வழியாக டார்ச் அடித்துப் பார்த்தேன். பிஸ்டனின் அந்தப் பக்கம் முழுக்க மேலிருந்து கீழாகக் கோடு கோடாகக் கீறல், ரிங் தன் பள்ளத்தில் அசையாமல் ஒட்டிக்கிடக்கிறது, போர் (சிலிண்டர்) சுவரில் அலுமினியம் உருகி அப்பியிருக்கிறது. போரைக் கழற்றிவிட்டு அதே பிஸ்டனை மறுபக்கம் திருப்பினால், கார்புரேட்டர் இருக்கிற பக்கத்தில் கம்பெனியில் கடைந்த வரிகள்கூட அழியாமல் புதுசு போல இருக்கின்றன. எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் இப்படித் தேய்ந்திருந்தால் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: காற்று கூடி, பெட்ரோல் குறைந்து, சூடு ஏறி, பிஸ்டன் விரிந்து சுவரைப் பிடித்துவிட்டது. ஒரு பட்டறையில் சைலன்சரில் துளை போட்டுக் கொடுத்திருக்கிறார்கள், கார்புரேட்டரை யாரும் தொடவே இல்லை.

ஏன் இப்படி ஆகிறது என்று புரிந்துகொண்டால் மீதியெல்லாம் தானாக விளங்கும். நிமிடத்துக்கு 12,000 சுற்று ஓடுகிற இஞ்சினுக்கு ஒரு சுற்றுக்குக் கிடைப்பது 5 மில்லி நொடி. அந்த 360 டிகிரியில் எக்ஸாஸ்ட் வாசல் திறந்திருப்பது ஏறக்குறைய 160 டிகிரி, அதாவது 2 மில்லி நொடிக்குச் சற்று மேல். அதற்குள் எரிந்த புகை வெளியே போகவேண்டும், கீழே கிராங்க் கேஸில் அழுந்திக் காத்திருக்கும் புதுக் கலவை டிரான்ஸ்ஃபர் என்கிற பக்க வழிகளில் மேலே ஏறவேண்டும். சைலன்சரின் வாய் சின்னதாக இருந்தால் புகை உள்ளேயே தங்கி, புதுக் கலவை வர இடம் இருக்காது. வாயைப் பெரிதாக்கினால் ஒவ்வொரு சுற்றிலும் அதிகக் காற்று இஞ்சின் வழியாகப் போகும். காற்று கூடுகிற கணக்குக்குப் பெட்ரோல் தானாகக் கூடாது, கார்புரேட்டரில் முழு வேகத்துக்கான பெட்ரோலை அளக்கிற ஹெச் ஸ்க்ரூவைத் திறந்து நாம்தான் கூட்டவேண்டும்.

கம்பெனிக்காரர்கள் ஏன் வாயைச் சின்னதாக வைக்கிறார்கள் என்று கேட்கலாம். சத்தத்துக்கும் புகைக்கும் சட்டம் இருக்கிறது, அதுதான் பெரிய காரணம். ஒரே இஞ்சினை இரண்டு விலையில் விற்பதும் உண்டு. ஹஸ்க்வர்னா கம்பெனியின் 365, 372 எக்ஸ்பி செயின்சாக்களில், கலவைக்கு முன்னால் வெறும் காற்றை அனுப்புகிற எக்ஸ்-டார்க் மாடல்களை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் போர் 50 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 36 மில்லிமீட்டர், இரண்டும் 70.7 சிசி. ஆனால் 365 தருவது 3.6 கிலோவாட், 372 தருவது 4.1 கிலோவாட். வித்தியாசம் எங்கே என்று பிரித்துப் பார்த்தால், 365-இல் டிரான்ஸ்ஃபர் மூடிகளில் வழியை அடைக்கிற மாதிரி ஒரு துண்டு நீட்டிக்கொண்டிருக்கும், சைலன்சரும் இறுக்கமாக இருக்கும். அரை கிலோவாட்டை அங்கேதான் பிடித்து வைத்திருக்கிறார்கள். காற்றுப் போக்கு எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

சரி, சைலன்சருக்குப் போகுமுன் செயினைப் பாருங்கள். கெஞ்சிக் கேட்கிறேன், முதலில் செயினைப் பாருங்கள். சீமைக்கருவேல் பட்டையில் மண் ஏறியிருக்கும், கட்டையும் இரும்பு மாதிரி. ஒரு டேங்க் பெட்ரோல் தீருவதற்குள் பல்லின் முனை மழுங்கிவிடும். மழுங்கிய செயினை 5 கிலோவாட் இஞ்சினில் மாட்டினாலும் அது மாவுதான் கொட்டும், சீவல் வராது. மூன்றெட்டு (3/8 இஞ்ச்) பிட்ச், அதாவது கண்ணி இடைவெளி, உள்ள செயினுக்கு 5.2 அல்லது 5.5 மில்லிமீட்டர் உருண்டை அரம், .325 பிட்சுக்கு 4.8. பல்லை அரம் போட்டுப் போட்டுத் தேய்த்துவிட்டு அதன் முன்னால் இருக்கிற குட்டை மேட்டை அப்படியே விட்டுவிடுவார்கள். பல் தாழத் தாழ அந்த மேடும் தாழவேண்டும், பல் முனைக்கும் மேட்டுக்கும் 0.65 மில்லிமீட்டர் இறக்கம் இருந்தால்தான் பல் மரத்தைக் கடிக்கும். இரண்டு பக்கப் பற்களும் ஒரே நீளம் இல்லையென்றால் அறுப்பு வளைந்து போகும். இதையெல்லாம் சரிசெய்த பிறகும் மெஷின் திணறினால்தான் இஞ்சினைப் பற்றி யோசிக்க வேண்டும். அதேபோல் சைலன்சர் வாயில் இருக்கும் தீப்பொறி வலையையும் கழற்றிப் பாருங்கள், பாதி மெஷின்களில் கரி அடைத்து வலை மூடியிருக்கும். அதைச் சுட்டுத் தட்டிச் சுத்தம் செய்தாலே போன இழுவை திரும்பிவிடும்.

இனி திறக்கிற வேலை. சைலன்சரைக் கழற்றித் தனியாக வைத்துத்தான் துளை போடவேண்டும், மெஷினில் மாட்டியபடியே டிரில் வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், அந்த இரும்புத்தூளில் ஒரு துணுக்கு போருக்குள் போனால் போதும். எக்ஸாஸ்ட் வாசலின் பரப்பில் எழுபது முதல் எண்பது சதவீதம் வரை வெளிவாய் இருக்கலாம் என்பது அனுபவக் கணக்கு. ஒரு உதாரணம்: வாசல் 350 சதுர மில்லிமீட்டர், கம்பெனி வைத்த வாய் 12 மில்லிமீட்டர் விட்டம் என்றால் அது 113 சதுர மில்லிமீட்டர்தான், மூன்றில் ஒரு பங்கு. 14 மில்லிமீட்டரில் இன்னொரு வாய் வைத்தால் 154 கூடி மொத்தம் 267 ஆகும், எழுபத்தாறு சதவீதம். அதற்கு மேல் போகாதீர்கள். இரண்டாவது வாயிலும் வலை இருக்கவேண்டும், சித்திரை வெயிலில் காய்ந்த புல் நடுவே நின்று வேலை செய்கிறோம். புகை எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதும் முக்கியம், டேங்க் பக்கமோ முன்கைப்பிடிப் பக்கமோ திரும்பினால் பிளாஸ்டிக் உருகும், கை வேகும். ஒரு சின்னக் குழாயை வளைத்துப் பற்றவைத்து முன்னோக்கித் திருப்பிவிடுவது நல்லது. சில மாடல்களில் உள்ளே தடுப்புத் தகடு இருக்கும், அதில் துளை போடாமல் வெளியே மட்டும் பெரிதாக்கினால் சத்தம்தான் கூடும்.

ஆர்எக்ஸ் 100 காலத்து மெக்கானிக்குகள் இந்த இடத்தில் வேறு மாதிரி சொல்வார்கள், அவர்கள் சொல்வது பைக்குக்குச் சரி. பைக்கின் நீள சைலன்சர் வயிறு பெருத்து வால் சிறுத்து இருப்பதே அழுத்த அலையைத் திருப்பி அனுப்பி, வெளியே தப்பிய கலவையை மறுபடி உள்ளே தள்ளத்தான். செயின்சாவில் இருப்பது வெறும் பெட்டி, அதற்கு அந்த வேலை பெரிதாகக் கிடையாது, அதனால் வாயைத் திறந்தால் ஆதாயம் நேராகக் கிடைக்கிறது. ஆனாலும் பெட்டியையே எடுத்துவிட்டு ஓட்டினால் புதுக் கலவை வெளியே ஓடிவிடும், கீழ் வேகத்தில் இழுவை போய்விடும்.

மாட்டியாயிற்று. இப்போது பாரை (செயின் ஓடுகிற பட்டையை) பாதி ஆழத்துக்கு மரத்தில் இறக்குமுன் ஹெச் ஸ்க்ரூ. இடப்பக்கம் திருப்பினால் பெட்ரோல் கூடும். பல மெஷின்களில் பிளாஸ்டிக் மூடி போட்டு அதிகம் திருப்ப முடியாமல் வைத்திருப்பார்கள், அதை எடுக்கவேண்டி வரும். அரைக்கால் சுற்று, அரைக்கால் சுற்றாகத் திறந்து, சூடான இஞ்சினை மரத்துக்கு வெளியே முழு ரேஸ் கொடுத்துக் கேளுங்கள். சுத்தமாக ‘வீல்’ என்று கத்தினால் பெட்ரோல் போதவில்லை. சத்தத்துக்குள் ஒரு கரகரப்பு, ஃபோர் ஸ்ட்ரோக் மாதிரி உடைந்த ஓசை வரவேண்டும், மரத்தில் வைத்து அழுத்தியதும் அந்தக் கரகரப்பு மறைந்து சுத்தமாகி, லேசாகத் தூக்கினால் திரும்ப வரவேண்டும். அதுதான் சரியான இடம். காதை மட்டும் நம்பவும் முடியாது, ஏனென்றால் காயிலில் வேகக் கட்டுப்பாடு இருக்கிற மெஷின்களில் கட்டுப்பாடு வேலை செய்யும்போதும் இதே மாதிரி உடைந்த சத்தம்தான் வரும், பெட்ரோல் போதாமல் ஓடுகிற மெஷினும் நன்றாக ஓடுவதாகத் தோன்றிவிடும். பிளக் வயரில் சுற்றி வைக்கிற டேக்கோமீட்டர் பெரிய விலை இல்லை, வாங்கிவிடுங்கள். 372 எக்ஸ்பிக்குக் கையேட்டில் சொல்லியிருக்கும் மேல் எல்லை நிமிடத்துக்கு 13,500 சுற்று. சைலன்சர் திறந்துவிட்டோம் என்பதற்காக அதைத் தாண்ட விடக்கூடாது, நமக்கு வேண்டியது மரத்துக்குள் இழுவை, காற்றில் கத்தல் இல்லை.

ஸ்டில் எம்எஸ் 170, 180 மாதிரி சின்ன மெஷின்கள் பலவற்றில் ஹெச் ஸ்க்ரூவே கிடையாது, ஜெட் நிலையானது. அவற்றின் சைலன்சரைத் தொடாதீர்கள். எம்-டிரானிக், ஆட்டோட்யூன் என்கிற எலக்ட்ரானிக் கார்புரேட்டர் வந்த மெஷின்கள் ஓரளவுக்குத் தாமாகவே பெட்ரோலைக் கூட்டிக்கொள்ளும், அங்கே வேலை சுலபம்.

இன்னொன்று, இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால், பழைய பெட்ரோலுக்கு வைத்த ஸ்க்ரூவிலேயே ஓட்டினால் சைலன்சரைத் தொடாத மெஷின்கூடக் கொஞ்சம் காற்று கூடித்தான் ஓடும். அதோடு சைலன்சரையும் திறந்தால் இரண்டும் சேர்ந்துகொள்கிறது. கார்புரேட்டரின் ரப்பர் டயாபிரமும் சீக்கிரம் விறைத்துப் போகிறது. வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, இஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு வையுங்கள். ஆயிலை அள்ளி ஊற்றினால் பாதுகாப்பு என்று லிட்டருக்கு 50 மில்லி ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். நல்ல டூ ஸ்ட்ரோக் ஆயிலுக்கு 50-க்கு 1, லிட்டருக்கு 20 மில்லி போதும். ஆயில் கூடினால் அந்த அளவுக்குப் பெட்ரோல் குறைகிறது, வலையில் கரியும் சேர்கிறது.

எவ்வளவு திருப்பினாலும் சத்தம் நிலையாக நிற்காமல் ஏறி இறங்கினால் எங்கோ காற்று ஒழுகுகிறது என்று அர்த்தம், பெரும்பாலும் கிராங்க் ஆயில் சீல் அல்லது கார்புரேட்டருக்கும் போருக்கும் நடுவே இருக்கும் ரப்பர். இரண்டு வாசலையும் டியூப் ரப்பர் வைத்து அடைத்து, பிளக் துளை வழியாக அரை பார் அழுத்தம் ஏற்றிச் சோப்புத் தண்ணீர் தடவினால் தெரிந்துவிடும். ஒழுகுகிற இஞ்சினை டியூன் செய்யவே முடியாது.

இதற்கு அப்புறமும் வேண்டும் என்பவர்களுக்கு போர் அடி பேக்கிங் இருக்கிறது. பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அதற்கும் ஹெட்டுக்கும் நடுவே எவ்வளவு சந்து இருக்கிறது என்று பிளக் துளை வழியாக சால்டரிங் கம்பியை ஓரம்வரை விட்டு, கையால் ஒரு சுற்றுச் சுற்றி, நசுங்கிய முனையை வெர்னியரில் அளக்கவேண்டும். ஒரு மில்லிமீட்டர் வந்தால், அரை மில்லிமீட்டர் கனமுள்ள பேக்கிங்கை எடுத்துவிட்டுச் சூடு தாங்கும் பசை போட்டு மாட்டலாம், சந்து அரையாகும், அமுக்கம் கூடும், மரத்தில் இழுவை நன்றாகத் தெரியும். அரைக்குக் கீழே போகாதீர்கள், சூட்டில் கனெக்டிங் ராடு நீளும், பிஸ்டன் ஹெட்டில் தட்டும். போரை இறக்கினால் வாசல்கள் திறக்கும் நேரமும் மாறும் என்பதை மறக்கவேண்டாம், எக்ஸாஸ்ட் தாமதமாகத் திறக்கும்.

போர்ட்டை, அதாவது வாசல்களை, அரைத்துப் பெரிதாக்குவது கடைசி வேலை, அதை எல்லோரும் செய்யவேண்டும் என்று நான் நினைக்கவில்லை. சுவரில் இருப்பது மெல்லிய நிக்கல் பூச்சு, அரைக்கிற கல் தவறான திசையில் பட்டால் விளிம்பில் சில்லுப் பெயரும், பெயர்ந்த இடத்தில் ரிங் மாட்டும். எக்ஸாஸ்ட் வாசலின் அகலத்தைப் போர் விட்டத்தில் அறுபது சதவீதத்துக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள். ரிங்கின் வாய் எந்த இடத்தில் ஓடுகிறது என்பதைப் பிஸ்டனில் உள்ள பின்னை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கல்லையே எடுக்கவேண்டும், அரைத்து முடித்ததும் விளிம்பைச் சாய்வாக மழுக்கவேண்டும். எக்ஸ்-டார்க் மாதிரி, கலவைக்கு முன்னால் வெறும் காற்றை அனுப்புகிற இஞ்சின்களில் பிஸ்டன் பக்கவாட்டில் ஜன்னல் மாதிரி வெட்டு இருக்கும், அந்தப் பக்கத்து வாசல்களை அகலப்படுத்தினால் காற்றும் கலவையும் ஒன்றோடொன்று சேர்ந்து எல்லாம் குழம்பும்.

58 சிசி என்று கடைகளில் விற்கிற 5800 மெஷின் பற்றியும் கேட்கிறார்கள். அதன் போர் 45.2, ஸ்ட்ரோக் 34, பெருக்கிப் பார்த்தால் 54.6 சிசிதான் வருகிறது. அதற்குச் சைலன்சர் திறப்பும் டியூனிங்கும் தாங்கும், போரைக் கழற்றுகிற வேலைக்கு அந்த மெஷின் தகுதியில்லை, அந்தக் காசில் இரண்டு நல்ல செயின் வாங்கலாம்.

இழுவை கூடிய பிறகு ஏழு பல் ஸ்ப்ராக்கெட்டை எட்டுப் பல்லாக மாற்றலாமா என்றால், மூன்றெட்டு செயினில் 9,600 சுற்றுக்கு ஏழு பல்லில் நொடிக்கு 21 மீட்டர், எட்டுப் பல்லில் 24 மீட்டர். மெத்தென்ற மரத்துக்கு, குட்டைப் பாரோடு, மாற்றலாம். கருவேலுக்கு ஏழே இருக்கட்டும். அப்புறம் காதுக்கு மஃப் போடாமல் திறந்த சைலன்சரோடு வேலைக்குப் போகாதீர்கள், கூலிக்கு வருகிற பையன்களுக்கும் ஒன்று வாங்கிக் கொடுங்கள்.