உடம்பு சூடான ஊசி

அணு மருத்துவப் பிரிவில் டெக்னீஷியனாகச் சேர்ந்து இரண்டாவது வருடம். தைராய்டு புற்றுநோய்க்கு அறுவை முடிந்து, கதிரியக்க அயோடின் எடுத்துக்கொள்ள ஒரு அம்மா வந்திருந்தார். தைராய்டு ஹார்மோனுக்குப் பதிலாகச் சாப்பிடும் தைராக்சின் மாத்திரையை நான்கு வாரமாக நிறுத்தியிருந்தார். முகம் உப்பி, குரல் கரகரத்து, நாற்காலியை விட்டு எழவே இரண்டு முறை முயன்றார். மாத்திரையை நிறுத்தினால், தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். ரத்தத்தில் ஏறும்; அது 30-ஐத் தாண்டினால்தான் மிச்சமிருக்கும் தைராய்டு செல்கள் அயோடினை நன்றாக இழுக்கும். அதற்காகத்தான் இத்தனை பாடும்.

ஈயக் குடுவைக்குள் கேப்சூல் தயார். கையெழுத்து போடும்போது பேச்சுவாக்கில் சொன்னார்: "மூணு வாரம் முன்னாடி வயித்துவலின்னு ஸ்கேன் எடுத்தாங்க தம்பி. ஊசி போட்டதும் உடம்பெல்லாம் குப்புன்னு சூடாயிடுச்சு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது கான்ட்ராஸ்ட், ஸ்கேனில் உள்ளுறுப்புகள் தெளிவாகத் தெரியப் போடும் அயோடின் கலந்த மருந்து. ஒரு நாளைக்கு உடம்புக்குத் தேவையான அயோடின் வெறும் 150 மைக்ரோகிராம். அந்த ஊசியிலோ கிராம் கணக்கில் இருக்கிறது. அதிலிருந்து பிரியும் சிறு பங்கே போதும், நாங்கள் கொடுக்கும் அயோடினைச் செல்லுக்குள் விடாமல் தடுக்க. டாக்டரிடம் ஓடினேன். சிகிச்சையை இரண்டு மாதம் தள்ளிவைத்தார்கள்.

எங்கள் படிவத்தில் அந்தக் கேள்வி இருந்தது. "கான்ட்ராஸ்ட் எடுத்ததுண்டா?" அவர் "இல்லை" என்று குறித்திருந்தார். "அந்தப் பேரெல்லாம் எனக்கு எப்படித் தம்பி தெரியும்?" என்றார். குரலில் துளி கோபம் இல்லை. எனக்குத்தான் தாங்கவில்லை. அந்தப் படிவத்தை வாங்கி வைத்தவன் நான். ஒரு வார்த்தை விளக்கிக் கேட்டிருக்கலாம். அன்று முதல் எவர் வந்தாலும், "ஊசி போட்டு உடம்பு சூடான மாதிரி ஸ்கேன் ஏதாவது எடுத்தீங்களா?" என்றுதான் கேட்கிறேன். "ஆமாம், எடுத்தேனே" என்று சட்டென்று பதில் வருகிறது.

இரண்டு மாதம் கழித்து, மறுபடி மாத்திரையை நிறுத்தி, மறுபடி அதே வீங்கிய முகத்தோடு வந்தார். கேப்சூலை விரல் படாமல் சிறு குழாயிலிருந்து வாயில் சாய்த்து, தண்ணீர் குடித்தார். ஒரு நொடிதான். அப்புறம் கதவைச் சாத்தி, இன்டர்காமில்தான் பேச்சு.

அந்தக் கேப்சூலில் இருக்கும் கதிரியக்க அயோடின், அதாவது அயோடின்-131, செய்யும் வேலை எனக்கு இன்றும் வியப்புதான். அதன் பீட்டா கதிர் திசுவில் இரண்டு மில்லிமீட்டர் போவதே அதிகம். தன்னை உள்ளே இழுத்த செல்லையும் அக்கம்பக்கத்தையும் மட்டும் அழிக்கும். காமா கதிர் உடம்பை விட்டு வெளியே வந்து, மருந்து எங்கே தங்கியிருக்கிறது என்று கேமராவுக்குக் காட்டும். சாமுவேல் சைட்லினும் உடன் பணியாற்றியவர்களும் பரவிய தைராய்டு புற்றில் இந்தச் சிகிச்சையை 1946-இல் வெளியிட்டார்கள். வைத்தியமும் சோதனையும் ஒரே விழுங்கலில்.

ஏழாம் நாள் ஸ்கேன். வெள்ளைத் திரையில் கழுத்தருகே இரண்டு கரும்புள்ளிகள் அழுத்தமாகத் தெரிந்தன. அவர் தலையை உயர்த்தாமல் படுத்தபடியே கேட்டார்:

"மருந்து போய்ச் சேந்துடுச்சா தம்பி?"

"சேந்துடுச்சும்மா."