களி கெட்டதில்லை, உருண்டைதான் பெரிசு

ராகிக் களி சாப்பிட்டால் சுகர் ஏறாது என்று சொல்லாத ஆளை எங்கள் தர்மபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கம் தேடித்தான் பிடிக்க வேண்டும். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர் சொல்வார், மருந்துக்கடையில் நிற்கிறவர் சொல்வார், கல்யாணத்தில் சோறு போதும் என்று கையைக் காட்டினால் பரிமாறுகிற பையன்கூடச் சொல்வான், "சோத்த விட்டுட்டுக் களிக்கு மாறிடுங்கக்கா, எல்லாம் சரியாயிடும்" என்று. எனக்கும் சுகர், என் அம்மாவுக்கும் சுகர். ரெண்டு பேருக்கும் சேர்த்துச் சமைப்பது நான், விரலில் குத்தி மீட்டரில் பார்ப்பதும் நான். அதனால் இந்தக் களி விஷயத்தைக் கொஞ்சம் விவரமாகவே எழுதிவிடுகிறேன்.

ராகி நல்ல தானியம், அதில் சந்தேகமே வேண்டாம். 100 கிராமில் 11 கிராம் போல நார்ச்சத்து, 350 மில்லிகிராம் போல கால்சியம், பட்டை தீட்டிய வெள்ளை அரிசி இதுக்குப் பக்கத்தில் வர முடியாது. ஆனால் சுகருக்குக் கணக்குப் பார்க்க வேண்டியது மாவுச்சத்தை, அதாவது கார்போஹைட்ரேட்டை. 100 கிராம் அரிசியில் அது 78 கிராம் என்றால், ராகியில் 67லிருந்து 72 வரைக்கும் இருக்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான். அதிலும் மில்லில் பவுடர் மாதிரி அரைத்த மாவு, நன்றாக வெந்த மாவு, சீக்கிரமே செரித்து ரத்தத்தில் கலந்துவிடும். இன்னொன்று, நம் ஊர்க் களி வெறும் ராகியும் கிடையாது. உலை கொதித்ததும் ஒரு பிடி அரிசியோ நொய்யோ போட்டுக் குழைய வேகவிட்டு, அதன் மேல் மாவைக் கொட்டி, துடுப்பால் கிண்டி இறக்குகிறோம். அரிசியை விட்டாயிற்று என்று நினைத்துக்கொண்டு உட்காருகிறவர் தட்டிலும் அரிசி இருக்கிறது.

எங்கள் வீட்டில் ஒரு நாள் மாவை எடை போட்டுத்தான் கிண்டினேன். அம்மா கை உருண்டைக்கு 80 கிராம் மாவு போகிறது, நொய் தனி. அப்படியென்றால் ஒரே ஒரு உருண்டையில் 55, 60 கிராம் மாவுச்சத்து. அம்மா காலையில் ஒன்று, மதியம் ரெண்டு, ராத்திரி ஒன்று என்று சாப்பிட்டுப் பழகியவர். காட்டு வேலை செய்த காலத்தில் அது சரி. களை எடுத்து, தண்ணீர் கட்டி, தக்காளிக் கூடை சுமந்த உடம்புக்கு அத்தனையும் எரிந்துவிடும். இப்போது அவர் வயது எழுபதைத் தாண்டிவிட்டது, நடை என்றால் வாசலிலிருந்து மாட்டுக்கொட்டகை வரைக்கும்தான். உருண்டை மட்டும் அதே உருண்டை.

மாவுச்சத்தைக் குறைத்துச் சாப்பிடும் முறை என்று டாக்டர்கள் பொதுவாகச் சொல்வது ஒரு நாளைக்கு மொத்தமாக 130 கிராமுக்குக் கீழே. 20லிருந்து 50 கிராமுக்குள் அடக்குகிற கடுமையான முறையும் இருக்கிறது, அதை யாரும் தானாக ஆரம்பிக்கக் கூடாது என்பது என் கருத்து. அமெரிக்க நீரிழிவு சங்கம் 2019இல் உணவு பற்றி வெளியிட்ட அறிக்கையில், சுகர் அளவு இறங்க வேண்டுமென்றால் மொத்த மாவுச்சத்தைக் குறைப்பதற்குத்தான் அதிக ஆதாரம் இருக்கிறது என்று எழுதினார்கள். அது நமக்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய ஆய்வில், நம் நாட்டுச் சாப்பாட்டில் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்று கண்டிருக்கிறார்கள். பருப்பு, முட்டை, மீன் எல்லாம் நம் தட்டில் ஓரத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது.

2023இல் நீலகிரியிலும் நம் தர்மபுரியிலும் ரேஷனில் 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ ராகி கொடுக்க ஆரம்பித்தார்கள். அதே வருஷத்தைத்தான் ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டு என்று அறிவித்தது. நல்ல காரியம், ராகியும் சாமையும் விளைகிற ஊருக்கு அது பெருமையும்கூட. ஆனால் அதுக்கப்புறம் கடைகளில் ராகி பிஸ்கட், சாமை முறுக்கு, கம்பு லட்டு என்று அடுக்கி வைத்து "சுகர் உள்ளவங்க சாப்பிடலாம்" என்று விற்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. பாக்கெட்டைத் திருப்பிப் படியுங்கள், பல பிஸ்கட்டில் ராகிக்கு முன்னால் மைதாவும் சர்க்கரையும் இருக்கும்.

சரி, வீட்டில் என்ன செய்கிறோம் என்று சொல்கிறேன். களியை நிறுத்தவில்லை. அதை நிறுத்தச் சொன்னால் அம்மா சாப்பாட்டையே நிறுத்திவிடுவார். உருண்டையைச் சின்னதாக்கினேன், எலுமிச்சம்பழத்தை விடக் கொஞ்சம்தான் பெரிசு, 25 கிராம் மாவுதான் பிடிக்கும், நொய் போடுவதில்லை. தட்டில் முதலில் கீரை. மழை பெய்த பிறகு காட்டில் தானாக முளைக்கிற பண்ணைக்கீரை, தொய்யக்கீரை கிடைத்தால் கடைசல், இல்லையென்றால் முருங்கைக்கீரைப் பொரியல், நிலக்கடலைப் பொடி தூவி. அதோடு ரெண்டு முட்டை, அல்லது மீன், அல்லது நாட்டுக்கோழி. அவரைக்காய், கத்தரிக்காய், பீர்க்கங்காய், புடலங்காய் எது மலிவோ அது நிறைய. இதெல்லாம் பாதிக்கு மேல் சாப்பிட்ட பிறகுதான் களி தட்டுக்கு வரும். காயும் புரதமும் முன்னாடி போய், மாவு கடைசியில் போனால் சாப்பாட்டுக்குப் பிறகு ஏறுகிற சுகர் குறைவாகவே ஏறும் என்பது ஆய்விலும் பார்த்த விஷயம், எங்கள் மீட்டரிலும் அதே கதைதான். பழைய கணக்கில் ரெண்டு உருண்டை களியும் புளிக்குழம்பும் சாப்பிட்ட மதியங்களில் ரெண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் அம்மாவுக்கு 260, 270 என்று காட்டும். இப்போது பெரும்பாலும் 160, 170க்குள் நிற்கிறது. ரெண்டு மணி நேரத்தில் 180க்குக் கீழே இருந்தால் போதும் என்பதுதான் பொதுவான இலக்கு. வெறும் வயிற்றில் 80லிருந்து 130க்குள், மூன்று மாத சராசரியைக் காட்டுகிற HbA1c டெஸ்ட்டில் 7 சதவீதத்துக்குக் கீழே. வயசானவர்களுக்கு டாக்டர் இதைக் கொஞ்சம் தளர்த்தியும் சொல்வார்.

கொள்ளு பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். கொள்ளு, மொச்சை, தட்டைப்பயறு எல்லாவற்றிலும் மாவுச்சத்து உண்டு, கொள்ளில் 100 கிராமுக்கு 57 கிராம் வரைக்கும். ஆனால் 20 கிராமுக்கு மேல் புரதமும் நிறைய நார்ச்சத்தும் சேர்ந்து வருவதால் மெதுவாக ஏறும். அதனால் கொள்ளுப் பருப்பு ஒரு கிண்ணம் வைத்துக்கொண்டால் அன்றைக்குக் களி கிடையாது, களி இருந்தால் கொள்ளு ரெண்டு கரண்டி. ரெண்டையும் முழுசாகச் சாப்பிட்டுவிட்டு மீட்டரைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. வெயில் காலத்தில் ராகிக் கூழ், கம்பங்கூழ் குடிக்கிறவர்கள் ஒன்று கவனியுங்கள், கரைத்துக் குடிப்பது களியை விட வேகமாக ஏறும். ஒரு சொம்புக் கூழுக்குப் பதில் ஒரு சொம்பு மோர், கூடக் கொஞ்சம் வேகவைத்த கடலை. தாகமும் அடங்கும், பசியும் அடங்கும்.

இப்போது சொல்லப் போவதைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். சுகருக்கு மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொண்டே மாவுச்சத்தைத் திடீரென்று பாதியாகக் குறைத்தால் சுகர் ரொம்பக் கீழே போய்விடலாம். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் அந்த ஆபத்து குறைவு. கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு மாதிரி மாத்திரைகளும் இன்சுலினும் அப்படி இல்லை, நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அது தன் வேலையைச் செய்யும். அம்மா சீட்டில் கிளிமிபிரைடு இருந்தது. அதனால் முதலில் டாக்டரிடம் போய், இந்த மாதிரி களியையும் சோற்றையும் குறைக்கப் போகிறோம் என்று சொல்லி, மாத்திரை அளவை அவர் குறைத்துக் கொடுத்த பிறகுதான் தட்டை மாற்றினோம். அப்படியும் ஒரு சாயங்காலம் அம்மா திண்ணையில் உட்கார்ந்திருந்தவர், "கண்ணு, கையெல்லாம் நடுங்குது, வேத்து ஊத்துது" என்றார். மீட்டரில் 62. 70க்குக் கீழே என்றாலே தாழ்வுதான். மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தேன், 15 நிமிஷம் கழித்துத் திரும்பப் பார்த்தால் 90க்கு மேலே வந்துவிட்டது, அப்புறம் ஒரு இட்லி. மறுநாளே டாக்டர் அந்த மாத்திரையை நிறுத்திவிட்டார். மயங்கி விழுந்தவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும், 108க்குக் கூப்பிடுங்கள்.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்று சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றுகிற மாத்திரை எடுப்பவர்களுக்கு வேறு ஒரு ஆபத்து. அவர்கள் மாவுச்சத்தை ரொம்பக் குறைத்தால் சுகர் அதிகமாகக் காட்டாமலேயே ரத்தத்தில் அமிலம் ஏறலாம். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குவது என்று வந்தால் ஆஸ்பத்திரிதான். கிட்னி பாதித்தவர்கள் புரதத்தைக் கூட்டுவதற்கு முன்னாலும், கர்ப்பமாக இருப்பவர்கள் எதைக் குறைப்பதற்கு முன்னாலும் கேட்டுவிட வேண்டும்.

டாக்டரைப் பார்க்கப் போக பஸ்ஸும் இல்லை, காசும் இல்லை என்கிறவர்கள் நம் மாவட்டங்களில் நிறைய இருக்கிறார்கள், தெரியும். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தை 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி தொடங்கியதே கிருஷ்ணகிரி மாவட்டம் சூளகிரி பக்கம் சாமனப்பள்ளியில்தான். பிரஷருக்கும் சுகருக்கும் வீட்டுக்கே வந்து பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். வருகிற அக்காவிடம் மாத்திரையை மட்டும் வாங்கி வைத்துக்கொள்ளாமல், சாப்பாட்டை எப்படி மாற்றியிருக்கிறோம் என்பதையும் சொல்லுங்கள், எழுதி வைத்த மீட்டர் அளவையும் காட்டுங்கள். மருந்தை மாற்ற வேண்டுமா என்பதை ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் பார்த்துச் சொல்வார்.

அப்புறம் மாம்பழம். கிருஷ்ணகிரியில் என் நாத்தனார் வீட்டில் தோப்பு இருக்கிறது, சீசனில் செந்தூராவும் அல்போன்சாவும் பெங்களூராவும் கூடை கூடையாக வந்து இறங்கும். வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வராது, சொல்லவும் தேவையில்லை. மாம்பழத்தில் 100 கிராமுக்கு 15 கிராம் மாவுச்சத்து. ஒரு பெரிய பெங்களூராவை முழுசாகத் தின்றால் களி உருண்டை கணக்குக்கு வந்துவிடும். நாலு துண்டு, மதியச் சாப்பாட்டோடு, அன்றைக்குக் களியும் சோறும் இல்லாமல். மாம்பழ ஜூஸ் என்றால் ஒரு வாய்கூட வேண்டாம், அதில் நார் போய்விடுகிறது, கடைச் சரக்கில் சர்க்கரையும் சேர்கிறது. நாத்தனாரிடம் இப்போதெல்லாம் பழத்தை விடக் காயைத்தான் அதிகம் கேட்டு வாங்குகிறேன். காயைச் சீவி உப்பு மிளகாய்த்தூள் போட்டு அம்மாவும் நானும் சாப்பிடுகிறோம்.

வெளியே சாப்பிடுவதும் அப்படி ஒன்றும் கஷ்டமில்லை. கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணைப் பக்கம் போனால் மீன் வறுவல், சோள மாவு போடாமல் வெறும் மசாலாவில் வறுக்கச் சொல்லலாம், செய்துகொடுக்கிறார்கள். பஸ் நிற்கிற ஹைவே ஓட்டலில் ரெண்டு ஆம்லெட், ஒரு இட்லி, சாம்பாரில் காயாக எடுத்துப் போடச் சொல்லுங்கள். பரோட்டாவை விட்டுவிடுங்கள். கல்யாணப் பந்தியில் பொரியலையும் கூட்டையும் ரெண்டு தரம் வாங்கிக்கொண்டு சோற்றை ஒரு கரண்டியோடு நிறுத்தினால் யாரும் ஒன்றும் நினைப்பதில்லை. சாப்பிட்டு முடித்ததும் உட்காராமல் கால் மணி நேரம் நடந்துவிட்டு வாருங்கள், ரெண்டு மணி நேரம் கழித்து மீட்டரில் ஸ்ட்ரிப் வைத்துப் பார்க்கும்போது எந்தச் சாப்பாட்டுக்கு எவ்வளவு காட்டியது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். என் உடம்புக்கு ஒரு இட்லி ஏற்றுகிற அளவும் உங்கள் உடம்புக்கு ஏற்றுகிற அளவும் ஒன்றாக இருக்காது, அதனால் என் தட்டை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் உங்கள் நோட்டைப் பார்த்து உருண்டையின் அளவை முடிவு பண்ணுங்கள்.