மூக்கு நுனியில் மை

இன்று சாயங்காலம் காட்பாடியில் அக்கா வீட்டுக்குள் நுழைந்தால், அக்கா மகளின் மூக்கு நுனியில் நீல மை.

ஒன்பதாவது படிக்கிறாள். கண்ணாடி போட்டும் தீராத பார்வைக் குறை. குனிந்து எழுதும்போது மூக்கு நோட்டில் உரசிவிடும்.

என் பழைய லேப்டாப்பைத் திறந்து, விண்டோஸ் விசையையும் பிளஸ்ஸையும் சேர்த்து அழுத்தினேன். எழுத்தெல்லாம் பெரிதானது. கண்ட்ரோல், ஆல்ட், ஐ மூன்றையும் அழுத்தியதும் தாள் கறுப்பாகி எழுத்து வெள்ளையானது.

தமிழ்ப் பாடத்தைத் திறந்தாள். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"மாமா, இதுல புள்ளி தெரியுது."

'க்' மேலே இருக்கும் புள்ளி. இத்தனை நாளாக க-வா, க்-கா என்று சொல்லை வைத்து ஊகித்துத்தான் படித்திருக்கிறாள். மார்க் குறைந்ததற்கு நான்கூட ஒருமுறை திட்டியிருக்கிறேன்.

தொல்லையும் உண்டு. 4 மடங்கு பெரிதாக்கினால் வரியில் கால்வாசிதான் திரையில் நிற்கும். அடுத்த வரியின் தொடக்கத்தைத் தேடித் தேடிப் போக வேண்டும். கரும்பலகையையே பெரிதாக்கிக் காட்டும் கேமரா வைத்த கருவிகளும் இருக்கின்றன. விலையைக் கேட்டேன், அப்புறம் பேசவில்லை.

அக்காவின் ஆண்ட்ராய்டு போனிலும் அமைப்புகளுக்குள் உருப்பெருக்கத்தைப் போட்டுக் கொடுத்தேன். திரையை மூன்று முறை தட்டினால் போதும். காசு கிடையாது.

"போன் கையில கெடச்சா படிச்ச மாதிரிதான்" என்று முனகினாள் அக்கா.

நான் கிளம்பும்போது அக்கா மகள் போன் கேமராவைச் சுவர்க் காலண்டர் பக்கம் திருப்பி, நாளைய ராகு காலத்தை எங்களுக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். மூக்கில் மை அப்படியே இருந்தது.