அம்மாவின் பொருத்தனையும் கெத்செமனே பாறையும்

ஸ்தோத்திரம். இந்தச் சாட்சியை எழுதி முடிக்கிறவரை எனக்குத் தூக்கம் வராது.

என் முதல் பிரசவம் கைமீறிப் போன இரவில் அம்மா ஒரு பொருத்தனை பண்ணினார். நானும் பிள்ளையும் பிழைத்தெழுந்தால், எருசலேமின் கெத்செமனே தோட்டத்தில், சிலுவைக்கு முந்தின இரவில் இயேசு ஆண்டவர் ஜெபித்த பாறையில் நெற்றி வைத்து நன்றி சொல்வேன் என்று. பிழைத்தோம். பிள்ளைக்கு இப்போது 18 வயது. அம்மா வருஷா வருஷம் கேட்பார். நானும் வருஷா வருஷம் ஒரே பதில்தான் சொல்வேன்: “கர்த்தருக்குச் சித்தமானால் போவோம்மா.” யாக்கோபு நிருபத்தில் இருக்கிற வார்த்தைதானே! ஆனால் உள்ளே இருந்தது வேறு. லீவு போட மனசில்லை, பணத்துக்கு வேறு செலவு இருந்தது, வயசானவரைக் கூட்டிக்கொண்டு அலைய அலுப்பாக இருந்தது. அதைச் சொல்ல வெட்கப்பட்டு, கர்த்தருடைய சித்தத்தை முன்னால் நிறுத்தி நான் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

முழங்கால் தேய்ந்து, படுக்கையில் விழுந்து, போன வருஷம் அம்மா கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அடக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் “எருசலேம் போக தேவசித்தம் இல்லாமல் போச்சு” என்றார்கள். ஆறுதலுக்குத்தான் சொன்னார்கள். எனக்கு அது முள்ளாகக் குத்தியது. சித்தமில்லாமல் போனது யாருக்கு?

அம்மாவின் பீரோவில் ஒரு காணிக்கைக் கவர் இருந்தது. மேலே பென்சிலால் ‘கெத்செமனே’ என்று எழுதி, உள்ளே நோட்டுகளை எட்டாக மடித்து வைத்திருந்தார். அதை எடுத்துக்கொண்டுதான் யாத்திரைக் குழுவில் பேர் கொடுத்தேன்.

ஒலிவமலை உச்சியில் பஸ்ஸை விட்டு இறங்கினதும் சுற்றிக்கொண்டார்கள். ஒலிவமரச் சிலுவை, ஜெபமாலை, போட்டோ அட்டை, ஒட்டகச் சவாரி என்று கையைப் பிடித்து இழுக்காத குறை. எங்களைக் கூட்டிப்போனவர்களோ ஒவ்வொரு இடத்துக்கும் இருபது நிமிஷம் என்று கடிகாரத்தைக் காட்டினார்கள். வருஷக்கணக்காகக் காத்திருந்த ஒரு பொருத்தனைக்கு இருபது நிமிஷமா என்று எனக்கு வயிறெரிந்தது. கீழே இறங்கும் பாதை செங்குத்து. முழங்காலைப் பிடித்துப் பிடித்துத்தான் இறங்கினேன். ஒவ்வொரு அடிக்கும் அம்மாவின் முழங்கால் ஞாபகம் வந்தது.

பாதி வழியில், எருசலேமைப் பார்த்து ஆண்டவர் கண்ணீர்விட்டதை நினைவுகூரும் சிற்றாலயம். கண்ணீர்த்துளி வடிவில் 1955இல் கட்டி முடித்தது. பலிபீடத்தின் முகப்பில் சின்னச் சின்னக் கற்களால் ஒரு கோழி. தலையைச் சுற்றி ஒளிவட்டம், சிறகுக்குள் குஞ்சுகள். வட்டத்தைச் சுற்றி லத்தீனில் ஆண்டவரின் வசனம்: “எத்தனைதரமோ உன் பிள்ளைகளைக் கூட்டிச்சேர்த்துக்கொள்ள மனதாயிருந்தேன்.” அந்த வசனத்தின் கடைசிச் சொற்கள் மட்டும் வட்டத்துக்கு வெளியே, குஞ்சுகளின் காலுக்குக் கீழே, சிவப்பில் கிடக்கின்றன. “உங்களுக்கோ மனதில்லாமற்போயிற்று.” போதகர் அதைத் தமிழில் வாசித்தபோது எனக்குக் கால் தளர்ந்துவிட்டது. சர்வவல்லவர் மனதாயிருந்தாராம். மண்ணான மனுஷனுக்கு மனதில்லாமல் போயிற்றாம். அவர் பிடித்து இழுத்திருக்கலாமே! இழுக்கவில்லை, அழுதார். என் “சித்தமானால் போவோம்” எல்லாம் அந்தச் சிவப்புக் கற்களில் கிடந்த மாதிரி இருந்தது.

முந்தின ராத்திரிதான் போதகர் எங்களை உட்காரவைத்து இதைப் பற்றிப் பேசியிருந்தார். தேவன் எல்லாவற்றையும் ஆளுகிறார் என்றால் மனுஷனுக்கு ஏது சுயசித்தம் என்று கேட்காத காலமே சபைக்கு இல்லை. ஆதிச்சபைக் காலத்துப் போதகர்களான அகஸ்தீனும் பெலேகியுவும் இதற்காக மோதினார்கள். 1618, 1619இல் நெதர்லாந்தின் டார்ட் நகரத்தில் இதற்காகவே ஒரு மாமன்றம் கூடியது. இங்கிலாந்தின் எழுப்புதல் பிரசங்கிமார் வெஸ்லியும் ஒயிட்ஃபீல்டும் நெருங்கிய நண்பர்களாக இருந்தும் இதில் பிரிந்து நின்றார்கள். அவர்கள் வாதமெல்லாம் எனக்கு முழுசாகப் பிடிபடவில்லை. ஆனால் மாக்சிமஸ் என்ற துறவியைப் பற்றிச் சொன்னது மட்டும் மனசில் தைத்தது. கிறிஸ்துவுக்கு ஒரே சித்தம்தான், மனுஷ சித்தம் என்று தனியாக இல்லை என்று 7ஆம் நூற்றாண்டில் பெரிய இடத்திலிருந்தே போதித்தார்களாம். மாக்சிமஸ் இந்தக் கெத்செமனே ஜெபத்தைத்தான் எடுத்துக்காட்டினார். “என்னுடைய சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே” என்றால் அங்கே மெய்யான மனுஷ சித்தம் இருந்திருக்க வேண்டும், அது நசுக்கப்படவில்லை, தானாகவே பிதாவுக்கு இசைந்தது என்றார். அதற்காக அவருடைய நாக்கையும் வலது கையையும் வெட்டினார்கள். 662இல் நாடுகடத்தப்பட்ட இடத்தில் இறந்தார். 680, 681இல் கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய சங்கம் அவர் சொன்னதே சரி என்று அறிக்கையிட்டது. நாக்கை இழந்தவரின் வார்த்தையை முழுச் சபையும் சொல்லவேண்டியதாயிற்று!

கெத்செமனே என்றாலே எண்ணெய்ச் செக்கு என்று அர்த்தம். தோட்டத்தில் எட்டு ஒலிவமரங்கள் வேலிக்குள் நிற்கின்றன. தண்டெல்லாம் முறுகி, பொந்து விழுந்து, உச்சியில் மட்டும் வெள்ளிப் பச்சையாகத் தளிர். அவற்றில் மூன்றை ஆராய்ந்தவர்கள் 12ஆம் நூற்றாண்டு மரங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். எட்டும் ஒரே தாய்மரத்தின் கிளைகளிலிருந்து வந்தவையாம். தாய்மரம் போயும் அதன் உயிர் இங்கே தளிர்க்கிறது என்று கேட்டதும், கைப்பைக்குள் அம்மாவின் கவரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

பாறை இருக்கிற ஆலயம் தோட்டத்தை ஒட்டியே இருக்கிறது, 1924இல் கட்டி முடித்தது. பல நாடுகளின் காணிக்கையில் எழும்பியதால் சகல ஜாதிகளின் ஆலயம் என்று பேர். வெளியே கண் கூசும் வெயில், உள்ளே போனால் இருட்டு. ஊதாநிற ஜன்னல்களால் அந்த வியாழன் இரவை அப்படியே பிடித்துவைத்திருக்கிறார்கள். அந்த இருட்டிலும் கும்பல். கொடியைத் தூக்கிப் பிடித்துக் கத்துகிற வழிகாட்டிகள், பாறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு செல்ஃபி எடுக்கிறவர்கள். இங்கேயா, என் ஆண்டவர் இரத்த வேர்வை சிந்தின இடத்திலா என்று மனசு கொதித்தது. வரிசையில் இரண்டு தடவை என்னைத் தள்ளிவிட்டு முன்னால் போனார்கள். கடைசியில் எப்படியோ பாறை எனக்கு முன்னால் வந்தது.

செதுக்காத, மேடும் பள்ளமுமான பாறை. பலிபீடத்துக்கு முன்னால், தரையோடு தரையாக. சுற்றிலும் முள்முடி போல இரும்பு வேலி. குனிந்து எட்டித்தான் தொடமுடியும். இரும்பு முள் முன்கையில் அழுந்த, அம்மாவுக்காக நெற்றியை வைத்தேன். ஜில்லென்றிருந்தது. எத்தனையோ கைகள் தடவி வழவழப்பான ஒரு இடம், அதன் பக்கத்திலேயே சொரசொரப்பு. மனப்பாடமாக வைத்திருந்த ஜெபம் ஒன்றும் வரவில்லை. “ஆண்டவரே, மனதில்லாமல் இருந்தது நான்தான். அம்மா இல்லை, நீரும் இல்லை” என்று மட்டும் சொன்னேன். இத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் பழியை அவர்மேல் போடாமல் ஜெபித்தேன். அழுகை வந்தது பாருங்கள், அடக்கவே முடியவில்லை.

அப்படியே நெற்றியை வைத்திருந்தபோதுதான் லூக்காவில் உள்ள அந்த வசனம் வந்தது. “தீர்மானிக்கப்பட்டபடியே மனுஷகுமாரன் போகிறார், ஆனாலும் அவரைக் காட்டிக்கொடுக்கிற மனுஷனுக்கு ஐயோ.” தீர்மானமும் அங்கே இருக்கிறது, மனுஷனின் பொறுப்பும் அங்கே இருக்கிறது, ஒரே மூச்சில் ஆண்டவர் இரண்டையும் சொல்லிவிட்டார். என் தாமதம் என்னுடையதுதான். ஆனால் அந்தத் தாமதத்துக்கும் அடியிலே அவர் கை இருந்திருக்கிறதே! அம்மா யாருக்காகப் பொருத்தனை பண்ணினாரோ, அவளையே அந்தக் கவரோடு கூட்டிவந்து இங்கே முழங்காலில் நிறுத்தியிருக்கிறாரே! கட்டி இழுத்தா கொண்டுவந்தார்? நானாகத்தான் நடந்து வந்தேன். ஆனாலும் அவர்தான் கொண்டுவந்தார். இதை எனக்கு விளக்கத் தெரியாது. அந்தப் பாறைமேல் இரண்டும் உண்மையாக இருந்தது, அவ்வளவுதான்.

கவரைப் பெட்டியில் போடும்போது பென்சில் எழுத்தை ஒருதரம் தடவினேன். பின்னால் நெருக்கினார்கள், எனக்கோ எழும்ப மனசே இல்லை. போதகர் வந்து தோளைத் தொட்டார். “எழுந்திரிங்கக்கா, போவோம்.”

பஸ்ஸுக்காகத்தான் கூப்பிட்டார். ஆனால் இதே தோட்டத்தில், ஜெபித்து முடித்த ஆண்டவர், தூங்கிக்கொண்டிருந்த சீஷரைப் பார்த்துச் சொன்ன வார்த்தையும் அதுதானே. “எழுந்திருங்கள், போவோம்.” சிலுவைக்கு அவரை யாரும் இழுத்துக்கொண்டு போகவில்லை, அவரே எழுந்து போனார். என் இயேசுவே, உமக்கு ஸ்தோத்திரம். வருஷா வருஷம் அம்மாவிடம் “போவோம்மா” என்று சொல்லிப் போகாதவளுக்கும் அந்த வார்த்தையை வைத்திருந்தீரே, உமக்கு ஸ்தோத்திரம். வேலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன்.