கடுகுக்கு ஒரு வளை: ஐந்து மாதக் குறிப்பு

ஜனவரி முதல் வாரம் கடுகு வீட்டுக்கு வந்தது. குட்டை ரக ஹாம்ஸ்டர் (எலி மாதிரியான சின்ன வளர்ப்புப் பிராணி), முதுகில் ஒரு கருங்கோடு, எடை 36 கிராம். கடையில் ஒரு சின்னக் கம்பிக்கூண்டு, ஒரு பை மரச்சுருள், ஒரு பாக்கெட் சூரியகாந்தி விதை கொடுத்து, இதுவே போதும் என்றார்கள். போதவில்லை. இரவு முழுக்கக் கம்பியைக் கடித்தது. மரச்சுருளில் பைன் மர வாசனை தூக்கலாக இருந்தது, நாலாம் நாளே தும்மல். அந்த வாசனை இவற்றின் மூச்சுக்குழலுக்கு ஆகாது.

கடுகு, விண்டர் ஒயிட், கேம்பெல் என்ற இரண்டு குட்டை ஹாம்ஸ்டர் இனங்களும் கலந்த வகையாக இருக்கலாம். இரண்டுமே சைபீரியா, கஜகஸ்தான், மங்கோலியா பக்கத்துப் புல்வெளிகளில் வளை தோண்டி வாழ்பவை. தோண்டுகிற பிராணிக்குத் தோண்ட இடமே கொடுக்காமல் வைத்திருந்தோம்.

பிப்ரவரியில், பக்கத்து வீட்டு அக்கா பரணில் போட்டிருந்த நாலடி மீன்தொட்டியைக் கொடுத்தார். மேலே கம்பிவலை மூடி. முதலில் வாசனையில்லாத காகிதத் துகளை 8 செ.மீ. உயரத்துக்குப் போட்டேன். கடுகு கண்ணாடி மூலையைப் பிறாண்டிக்கொண்டே இருந்தது. அப்புறம் ஒரு பக்கம் மட்டும் 25 செ.மீ. உயர்த்தி, நன்றாக அழுத்தி விட்டேன். இரண்டே ராத்திரியில் சுரங்கம் தயார்! பிறாண்டுவது அன்றோடு நின்றது. செலவு செய்வதென்றால் முதலில் இதற்குத்தான் செய்ய வேண்டும், பொம்மை வீட்டுக்கு அல்ல.

கூடு கட்ட அம்மா பஞ்சு எடுத்து வந்தார், வேண்டாம் என்றேன். நூல் காலில் சுற்றிக்கொள்ளும், விழுங்கினால் குடல் அடைக்கும். வெள்ளை டிஷ்யூவைக் கிழித்துப் போட்டால் போதும். ஓடுகிற சக்கரத்தையும் மாற்றினேன். பழையதில் முதுகு வில்லாய் வளைந்தது. இப்போது 20 செ.மீ. விட்டம், இடைவெளி இல்லாத தளம்.

குளிப்பது மணலில்தான், தண்ணீரில் குளிப்பாட்டவே கூடாது. ஆற்றுமணலைச் சலித்து, கழுவிக் காயவைத்து, வேர்க்கடலை வறுக்கிற இரும்புச் சட்டியில் வறுத்து ஆறவைத்தேன். எம்-சாண்ட் வேண்டாம், அதன் துகள் கூர்மையானது.

சாப்பாட்டில் நான் செய்த தவறு பெரியது. சூரியகாந்தி விதையை விரும்பித் தின்கிறதே என்று கொடுத்துக்கொண்டே இருந்தேன். ஆறே வாரத்தில் 51 கிராம். இப்போது தினை, சாமை, கம்பு, ஓட்ஸ், கொஞ்சம் ஆளிவிதை கலந்து ஒரு நாளைக்கு ஒரு டீஸ்பூன். கிண்ணத்தில் வைக்காமல் தூவி விடுகிறேன், தேடித் தின்னட்டும். பறவைத் தீவனக் கடையில் முழுத் தினைக்கதிர் கிடைத்தால் வாங்கி நட்டு வைப்பேன். ஏறிப் பறித்துக் கன்னப்பையில் அடைத்துக்கொண்டு ஓடும்! வாரம் இரண்டு தரம் வேகவைத்த முட்டை வெள்ளைக்கரு, பட்டாணி அளவு. வெள்ளரித்துண்டு நகம் அளவு. இந்த வகைக்குச் சர்க்கரை நோய் எளிதில் வரும் என்பதால் பழமே கிடையாது. வெங்காயம், பூண்டு, எலுமிச்சை, சாக்லேட் கூடவே கூடாது.

மார்ச்சில் ஒருநாள் தண்ணீர்ப் புட்டி நிறைய இருந்தது, ஆனால் குழாய் முனையில் இருக்கும் உருண்டை சிக்கிச் சொட்டுகூட வரவில்லை. நல்லவேளை, அன்றே பார்த்துவிட்டேன். அன்றிலிருந்து தினமும் விரலால் தட்டிப் பார்க்கிறேன்.

மே மாதச் சென்னை வெயில்தான் பெரிய சோதனை. அறையில் 33 டிகிரி இருந்த ஒரு மதியம், கடுகு வளைக்கு வெளியே தட்டையாகப் படுத்திருந்தது. பயந்துபோய் ஏசி அறைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். மின்விசிறி உதவாது, இவற்றுக்கு நம்மைப்போல வியர்ப்பதில்லை. இப்போது பகலில் தொட்டி ஏசி அறையில், 25 டிகிரியில் இருக்கிறது. மின்வெட்டுக்காக உறையவைத்த தண்ணீர்ப் பாட்டிலைத் துணியில் சுற்றித் தொட்டிக்கு வெளியே ஒட்டி வைக்கிறேன். உள்ளே ஒரு மண்சட்டியைக் கவிழ்த்து, விளிம்பில் வாசல் உடைத்து முனையைத் தேய்த்து வைத்திருக்கிறேன். மதியத்தூக்கம் அதற்குள்தான்.

நேற்று ஈரமான மூலையை மட்டும் அள்ளிச் சுத்தம் செய்தேன். மொத்தத்தையும் மாற்றினால் தன் வாசனை போய்த் தவித்துவிடும். சுரங்கத்தின் கோடியில் ஒரு கைப்பிடி தினை சேர்த்து வைத்திருந்தது. அதைத் தொடவில்லை. எடை 43 கிராம்.